மின்சாரக் காருக்கும் எண்ணெய் உண்டு

“அண்ணை, இதுக்கு ஒயில் மாத்துற வேலையே இல்லை. இரவிலை கொழுவி விட்டாச் சரி. கண்ணாடி துடைக்கிற தண்ணி மட்டும் விட்டாக் காணும்.”

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து அஜக்ஸில் மின்சாரக் கார் வாங்கிய யாரிடமும் இந்த வார்த்தைகளை இன்று கேட்கலாம். கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்துத் தரிப்பிடத்திலும் இதே பேச்சுத்தான். காரை விற்பவர் சொல்கிறார். வாங்கியவர் அதையே நாலு பேருக்குச் சொல்கிறார். கேட்டவர்கள் நம்பிக்கொண்டு தங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்ற பழைய மின்சாரக் காரைத் தேடத் தொடங்குகிறார்கள். கராஜ் வைத்திருக்கும் சிலர்கூட “இனி அதிலை எங்களுக்கு வேலை இல்லை” என்று ஒதுங்கிவிட்டார்கள்.

இந்தக் கருத்து தவறு. சின்னத் தவறென்று விட்டுவிடவும் முடியாது. பழைய மின்சாரக் காரை வாங்கும் குடும்பத்துக்கு இது பெரும் செலவைக் கொண்டுவரும். பனிக்கால வீதியில் உயிருக்கும் ஆபத்தாகும். நம்மவர்களின் கைத்தொழில் ஒன்றையும் மெல்ல மெல்ல அழிக்கும். ஆகவேதான் இதை மறுக்கிறேன்.

அந்தப் பேச்சில் ஒரு பகுதி உண்மை. மின்சாரக் காரில் எஞ்சின் கிடையாது. எஞ்சின் ஒயிலும் அதன் வடிகட்டியும் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. பெற்றோல் எரியும்போது உண்டாகும் கரியும் அமிலமும் ஒயிலில் இறங்கி அதைக் கெடுப்பதால்தான் எஞ்சின் ஒயிலை அடிக்கடி மாற்றுகிறோம். எரிதலே நடக்காத வண்டிக்கு அந்தத் தேவை வராது. ஒன்ராறியோவில் 2023 மே மாதம் நள்ளிரவுக் கட்டணம் அறிமுகமானபோது ஒரு அலகு மின்சாரத்தின் விலை 2.4 சதம். பக்கத்து ஊரான பிக்கறிங்கின் அணுமின் நிலையம் தரும் மின்சாரத்தை அந்த விலைக்கு ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனவர் பெருமைப்பட்டதில் பிழை இல்லை. நானும் மின்சாரக் காரின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஆனால் “குறைவு” என்பதை “இல்லை” என்று ஆக்குவதை ஏற்க முடியாது. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் 2021இல் ஒரு கணக்குப் போட்டது. பெற்றோல் காரைப் பராமரிக்க மைலுக்கு 10.1 சதம் ஆகிறது, மின்சாரக் காருக்கு 6.1 சதம் ஆகிறது என்பது அதன் முடிவு. மின்சாரக் காரின் ஆதரவாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் கணக்கு இது. 40 வீதம் மிச்சம் என்று சொல்லும் அவர்கள் மீதி 60 வீதம் எதற்குப் போகிறது என்று சொல்வதில்லை. அந்தக் கணக்கின்படி 200,000 கிலோமீற்றர் ஓடும் மின்சாரக் காருக்கு 7,500 அமெரிக்க டொலருக்கு மேல் பராமரிப்புச் செலவு வரும். ரயரும் பிரேக்கும் அதில் பெரும் பங்கை எடுக்கும். மீதிப் பங்கில், கண்ணுக்குத் தெரியாமல் குழாய்களிலும் பெட்டிகளிலும் அடைபட்டிருக்கும் திரவங்கள் இருக்கின்றன.

“எண்ணெய் இல்லாத கார்” என்ற பேச்சை முதலில் பொய்யாக்குவது கியர்ப்பெட்டி. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே அது இருக்கிறது. மோட்டாரின் சுற்றைப் பெரும்பாலும் ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றாகக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுப்பது அதன் வேலை. நெடுஞ்சாலை 401இல் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 800 தடவை அளவில் சுற்றும். மோட்டார் 7,000 தடவையைத் தாண்டிச் சுற்றும். அதே வேகத்தில் போகும் பெற்றோல் எஞ்சினுக்கு 2,000 சுற்று அளவு போதும். மின்மோட்டாரின் முழு முறுக்குவிசையும், நின்ற இடத்திலிருந்து கால் வைத்த கணத்திலேயே, கியர்ப் பற்களில் இறங்குகிறது. அந்தப் பற்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று உலோகத்தை உலோகத்தில் உரசவிடாமல் காப்பது சில லீற்றர் எண்ணெய்தான்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்றைய கார்கள் பலவற்றில் கியருக்கு விடும் எண்ணெயே மோட்டாருக்குள்ளும் பாய்ந்து செப்புச் சுருள்களின் சூட்டை எடுத்து வருகிறது. டெஸ்லா மாடல் 3 காரின் மோட்டார்த் தொகுதியில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பும், அதைச் சுத்தப்படுத்தும் வடிகட்டியும், சூட்டைக் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்துக்குக் கைமாற்றும் கருவியும் இருக்கின்றன. எண்ணெய் வடிகட்டி பூட்டிய ஒரு காரை எண்ணெய் இல்லாத கார் என்று எப்படிச் சொல்வது?

இந்த எண்ணெயின் இடத்தில் கராஜின் தட்டில் கிடக்கும் எந்தக் கியர் ஒயிலையும் ஊற்ற முடியாது. பழைய கியர் ஒயில்களில் பற்களின் தேய்வைத் தடுக்கக் கந்தகச் சேர்மங்களைக் கலப்பார்கள். இரும்புக்கு அவை நல்லவை, ஆனால் சூட்டில் செப்பை அரிக்கும். மோட்டாரின் சுருள்கள் எல்லாம் செப்பு. எண்ணெய் மின்சாரத்தையும் கடத்தக் கூடாது. தடிப்பாக இருந்தால் சுழற்றுவதற்கே சக்தி வீணாகி ஓடும் தூரம் குறையும். மிகவும் மெல்லியதாக இருந்தால் பற்களுக்கு நடுவே படலம் நிற்காது. இவற்றையெல்லாம் ஒரே திரவத்தில் அடக்க வேண்டியிருப்பதால்தான் தனி எண்ணெய்கள் வந்தன.

பெயாரிங்குகளின் கதை இதைவிட நுட்பமானது. பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர், செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னழுத்தத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டில் மோட்டாரின் தண்டில் சிறு மின்னழுத்தம் தேங்கும். அது வெளியேற வழி தேடும்போது பெயாரிங்கின் குண்டுகளுக்கு நடுவே பொறியாகப் பாயும். ஒவ்வொரு பொறியும் உருக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை விட்டுப் போகும். நாளடைவில் ஓடுதடத்தில் வரிவரியாகப் பள்ளம் விழுந்து மோட்டார் இரையத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் பீங்கான் குண்டு போட்ட பெயாரிங்குகளும், தண்டிலிருந்து மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் வளையங்களும், இதற்கென்றே செய்த கிரீஸ்களும் வந்தன. பெற்றோல் கார் அறியாத நோய் இது. அதற்கான மருந்தும் புதிதுதான்.

எரிதல் இல்லாததால் இந்தக் கியர் ஒயில் எஞ்சின் ஒயிலைவிட மிக நீண்ட காலம் தாங்கும். அது உண்மை. ஆனால் புதுக் கியர்கள் ஒன்றோடொன்று இணங்கும் முதல் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களில் உதிரும் உலோகத்தூள் அந்த எண்ணெயிலேதான் கிடக்கிறது. வடிகட்டி இல்லாத பெட்டிகளில் அதற்குப் போக்கிடமும் இல்லை. ஹூண்டாயின் மின்சாரக் கார்க் கையேட்டில் சாதாரணப் பாவனைக்கு இந்த எண்ணெயை மாற்றச் சொல்லவில்லை. கடும் பாவனை என்றால் ஏறத்தாழ 120,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அந்தக் கடும் பாவனைப் பட்டியலில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். உப்புப் போடும் வீதிகள் இருக்கின்றன. கடும் குளிர் இருக்கிறது. ராக்ஸி ஓட்டமும் இருக்கிறது. அஜக்ஸின் ரோன்ரன் வீதியில் தை மாதத்தில் ஓடும் ஒவ்வொரு காரும் அந்தப் பட்டியலுக்குள் வரும். ஊபர் ஓட்டும் நம்மவர்கள் இரண்டு மடங்கு வருவார்கள். ஹூண்டாய் 2019 முதல் மின்சாரக் கார் பொருத்தும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஓட்டுகிறவர்களும் தப்ப முடியாது. வெயிலில் நெரிசலுக்குள் ஊர்வதும் புழுதி வீதியும் பட்டியலில் உண்டு. “சாதாரணப் பாவனை” என்று கையேடு சொல்லும் அந்த மெத்தென்ற வாழ்க்கை எந்த ஊரில் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரேக்குக்கு வருகிறேன். இந்தப் பொய்யின் மிக ஆபத்தான பகுதி இதுதான்.

“மின்சாரக் காரிலை பிரேக்கே தேயாது” என்கிறார்கள். காலை எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியின் வேகத்தைப் பிடிக்கிறது, அந்தச் சக்தி பற்றரிக்குத் திரும்புகிறது, ஆகவே பிரேக் பாட் நீண்ட நாள் வரும். பாட் தேயாது என்பது சரி. ஆனால் தேயாமல் கிடக்கும் பிரேக், உப்பு வீதியில் துருப்பிடித்துக் கெட்டுப்போகும். பெற்றோல் காரில் ஒவ்வொரு சந்தியிலும் பாட் இரும்புத் தட்டை உரசித் துடைத்துக்கொண்டே இருக்கும். மின்சாரக் காரில் அந்தத் துடைப்பு இல்லை. மார்கழி தொடங்கிப் பங்குனி வரை வீதியில் கொட்டும் உப்பு தட்டில் ஏறித் துருவாக்கும். பாட்டைத் தட்டில் அழுத்தும் கலிப்பரை நகரவிடும் ஊசிகளில் கிரீஸ் காய்ந்து, உப்பு புகுந்து, அவை இறுகும். அவசரத்தில் மிதிக்கும் நாளில் ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் பிடிக்காது.

இதைச் சொல்வது நான் மட்டுமல்ல. பராமரிப்பே வேண்டாத காருக்கு உதாரணமாக எல்லோரும் காட்டும் டெஸ்லாவின் கையேடே சொல்கிறது. பனிக்காலத்தில் உப்புப் போடும் இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பிரேக் கலிப்பரைச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்கிறது. பிரேக் ஒயிலை நாலு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகனின் கனடாத் தலைமையகம் நெடுங்காலம் இருந்தது அஜக்ஸின் பேய்லி வீதியில். அந்தக் கம்பெனி தன் ஐடி.4 காரின் பின்சக்கரங்களுக்குப் பழைய பாணி டிரம் பிரேக்கைப் பூட்டியது. அடிக்கடி பாவிக்காத பிரேக்கை மூடி வைத்தால்தான் துருவிலிருந்து காக்கலாம் என்பது அதன் காரணங்களில் ஒன்று. காரைச் செய்தவர்களுக்குத் தெரிந்த ஆபத்து ஓட்டுகிறவர்களின் காதுக்கு ஏன் வரவில்லை?

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் ஈரம் புகும். பெரும்பாலான கார்களில் இருக்கும் டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதன் கீழ் எல்லை 155 பாகை. பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் இந்த உறிஞ்சல் நடந்துகொண்டே இருக்கும். ஓடோமீற்றருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, நாட்காட்டிக்கும் இதற்கும்தான் தொடர்பு. ஈரம் ஏறிய ஒயில் உள்ளே இருக்கும் உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

இன்னொரு விடயம் இருக்கிறது. அதை அறியாமல்தான் பலர் முதல் பனிக்காலத்தில் திடுக்கிடுகிறார்கள். பற்றரி முழுதாக நிறைந்திருந்தால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை ஏற்க இடம் இராது. பற்றரி உறைந்த நிலையில் இருந்தாலும் அது வேகமாக ஏற்றுக்கொள்ளாது. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை இருக்கும் ஒரு காலையில், இரவு முழுக்க வெளியே நின்ற காரை எடுத்துக்கொண்டு வெஸ்ட்னி வீதி இறக்கத்தில் வரும்போது, நீங்கள் பழகிய அந்த மோட்டார் பிடிப்பு பாதிகூட இராது. அன்றைக்கு வண்டியை நிறுத்தப்போவது பழைய இரும்புத் தட்டும், பழைய கலிப்பரும், ஈரம் ஏறிய ஒயிலும்தான். ஆண்டு முழுக்கப் பாவிக்காமல் விட்ட அதே பிரேக்கை ஆண்டின் மிக மோசமான காலையில் நம்பி மிதிக்கிறோம்.

ஜெர்மனியின் டிஊவி சோதனை நிறுவனங்கள் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இரண்டு மூன்று வயதுக் கார்களில் கடைசி இடம் டெஸ்லா மாடல் 3க்கு. சோதனைக்கு வந்தவற்றில் 14.7 வீதம் குறிப்பிடத்தக்க பழுதோடு நின்றன. பிரேக்கும் அந்தப் பழுதுகளில் ஒன்று. அங்கே மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் காரைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், அதனால் வெளியே தெரிந்தது. ஒன்ராறியோவில் சொந்தக் காருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கார் கைமாறும்போது பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்தால் போதும். முதல் உரிமையாளர் எட்டு ஆண்டு வைத்திருந்தால் எட்டு ஆண்டும் எவரும் அந்தப் பிரேக்கைத் திறந்து பார்க்காமலே போகலாம்.

கூலன்ட் பற்றி நம்மவர்களிடம் இரண்டு விதமான தவறு இருக்கிறது. மின்சாரக் காரில் எரிதல் இல்லை, ஆகவே கூலன்ட் எதற்கு என்பது ஒன்று. கூலன்ட் என்றால் எல்லாம் ஒன்றுதான், குறைந்தால் எதையாவது விடலாம் என்பது மற்றது.

முதல் தவறுக்கு நிசான் லீஃப் பதில் சொல்லிவிட்டது. அதன் பழைய தலைமுறைக் கார்களில் பற்றரியைச் சுற்றித் திரவம் ஓடவில்லை, சுற்றிலும் இருக்கும் காற்றுத்தான் அதைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய லீஃப் கார்களின் பற்றரிக் கொள்ளளவு விரைவாக விழுவதை அவற்றின் உரிமையாளர்கள் 2012இல் கண்டார்கள். வழக்குப் போட்டார்கள். 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வரை கொள்ளளவுக்கு உத்தரவாதம் தர நிசான் ஒப்புக்கொண்டது. அஜக்ஸில் அரிசோனா வெயில் இல்லையே என்று சொல்லலாம். இங்கே கூலன்ட்டுக்கு மறுபக்க வேலை இருக்கிறது. குளிரில் பற்றரியைச் சூடாக்குவதும் அதே திரவம்தான். உறைந்த பற்றரியில் வேகமாக மின்சாரம் ஏற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படியும், பற்றரியின் வாழ்நாள் குறையும். நெடுஞ்சாலை ஓரத்து வேகச் சார்ஜரில் அரை மணித்தியாலத்தில் நிரப்பிக்கொண்டு போக முடிகிறதென்றால், முதலில் சூடாக்கியும் பிறகு குளிர்வித்தும் அந்த வேலையைச் சாத்தியமாக்குவது கூலன்ட்.

இரண்டாவது தவறு இதைவிட மோசமானது. பழைய கார்களுக்கு விடும் கூலன்ட்டில் துருவைத் தடுக்க உப்புச் சேர்மங்கள் கலந்திருக்கும். அவை மின்சாரத்தைக் கடத்தும். பெற்றோல் காரில் அதனால் தீங்கில்லை. 400 வோல்ட், 800 வோல்ட் ஓடும் பற்றரிக்கு அடியில் அது ஒழுகினால் நிலைமை வேறு. 2011 மே மாதம் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு அமைப்பு ஷெவ்ரலே வோல்ட் காரை ஒரு கம்பத்தில் பக்கவாட்டில் மோதவிட்டுச் சோதித்தது. சோதனை நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு முற்றத்தில் சும்மா நின்ற அந்தக் கார் தீப்பிடித்துப் பக்கத்தில் நின்றவற்றையும் எரித்தது. பற்றரியில் விழுந்த ஓட்டை வழியாகக் கூலன்ட் கசிந்து மின்சுற்றைக் குறுக்கியதுதான் காரணம். ஜெனரல் மோட்டர்ஸ் பிறகு அந்தக் காரின் உடலைப் பலப்படுத்தியதோடு, கூலன்ட்டின் அளவைக் கண்காணிக்கும் உணரியையும், தொட்டியை எவரும் அளவுக்கு மீறி நிரப்பாமல் தடுக்கும் பூட்டையும் சேர்த்தது. கூலன்ட் நிரப்புவதற்கே பூட்டுப் போட்ட அளவுக்கு அது முக்கியமான விடயம்.

பிறகு மின்கடத்தல் குறைந்த கூலன்ட்கள் பரவின. ஹூண்டாயும் கியாவும் அந்த வகையைப் பாவிக்கின்றன. அவற்றின் சில மாடல்களுக்கு மூன்று ஆண்டு, 60,000 கிலோமீற்றர் அளவிலேயே மாற்ற வேண்டிய கணக்கு வருகிறது. ஷெவ்ரலே போல்ட் காரின் கூலன்ட்டை 5 ஆண்டுக்கு அல்லது 240,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். டெஸ்லா பெரும்பாலும் மாற்றத் தேவையில்லை என்கிறது, ஆனால் தொட்டியைத் திறந்ததால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறது. மூன்று கம்பெனிக்கு மூன்று கூலன்ட், மூன்று கெடு. நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறவர் எதை நம்பி ஊற்றுகிறார்? ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கல்சியமும் குளோரைட்டும் இருக்கின்றன. அதைக் கொஞ்சம் விட்டாலும் கடத்தல் ஏறும், உறைநிலையும் மேலே வரும். மாற்றிய பழைய கூலன்ட்டை வீதி வடிகாலில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது டஃபின்ஸ் ஓடைக்கோ கரதர்ஸ் ஓடைக்கோ போய் நாம் குடிக்கும் அதே ஏரியில் கலக்கும். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு அது, பிள்ளைகளும் நாயும் நக்கிவிடக்கூடும்.

ஏசிக்கும் இதே கதைதான். மின்சாரக் காரின் கம்பிரசருக்குள்ளேயே உயர் அழுத்த மோட்டார் இருக்கிறது. அதன் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். பழைய கார்களுக்குப் போடும் எண்ணெயின் மிச்சம் ஒட்டிய குழாயால் காஸ் அடித்தால், மின்காப்பு குறைந்ததாகக் கணினி கண்டு காரையே இயங்கவிடாமல் நிறுத்திவிடலாம். ஒன்ராறியோவில் அந்தக் காஸைத் தொடவே சான்றிதழ் அட்டை வேண்டும். கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

“கம்பெனியே ஆயுள் முழுவதற்கும் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் யார் மறுக்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த வாக்குறுதி மின்சாரக் காரோடு பிறந்ததல்ல. பெற்றோல் கார்களின் தானியங்கிக் கியர்ப்பெட்டி ஒயிலுக்கும் பல கார்க் கம்பெனிகள் இதையே எழுதின. அந்தக் கியர்ப்பெட்டிகள் பலவற்றைச் செய்து கொடுத்த ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டில், ஒயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் மாற்று என்கிறார், காரை விற்பவர் வேண்டாம் என்கிறார். காரை விற்பவருக்குப் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிவது முக்கியம். பற்றரிக்கும் மோட்டாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் உத்தரவாதம் 8 ஆண்டு, 160,000 கிலோமீற்றர். அமெரிக்க வீதிகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 2024இல் 12.6 ஆண்டு. உத்தரவாதம் முடிந்த பிறகு வரும் அந்த ஆண்டுகளில் காரை வைத்திருப்பவர் யார்? மூன்று ஆண்டு லீசில் எடுத்து ஓட்டித் திருப்பிக் கொடுத்தவர் அல்லர். அவரிடமிருந்து வாங்கியவரிடம் வாங்கிய மூன்றாவது ஆள். அவர் பெரும்பாலும் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர், அல்லது பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குக் கார் தேடும் தகப்பன்.

“300,000 கிலோமீற்றர் ஒன்றையும் மாற்றாமல் ஓடின கார் இருக்கிறது” என்றும் சொல்வார்கள். இருக்கலாம். ஓடியது நம் கண்ணுக்கு வரும். பெயாரிங் போய், கூலன்ட் மோட்டாருக்குள் கசிந்து, திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டியதால் உடைக்கக் கொடுத்தது பேச்சுக்கு வராது.

இன்னொரு வாதம், இதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிகளின் தந்திரம் என்பது. எஞ்சின் ஒயில் விற்பனை குறையப்போவதால் ஷெல்லும் காஸ்ரோலும் புதுப் போத்தலில் புதுப் பெயர் ஒட்டுகின்றன என்கிறார்கள். அவர்களுக்கு இலாபத்தில் கண் இருப்பது உண்மை. விற்பவருக்கு ஆசை இருக்கிறது என்பதால் செப்பை அரிக்கும் கந்தகம் அரிக்காமல் விட்டுவிடாது, ஈரம் ஏறிய பிரேக் ஒயில் 230 பாகைக்குத் திரும்பாது. போத்தலில் “மின்சாரக் காருக்கு” என்று எழுதியிருப்பதால் மட்டும் வாங்காதீர்கள் என்று நானும் சொல்வேன். உங்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும் தரக்குறியீடு போத்தலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஏமாற்றைத் தவிர்க்கும் வழி அதுதான். திரவமே வேண்டாம் என்று இருப்பதால் காரைத்தான் ஏமாற்றுகிறோம்.

கராஜ்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்காபரோவிலும் அஜக்ஸிலும் தமிழர் நடத்தும் கராஜ்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. வந்த புதிதில் ஆங்கிலம் தடுமாறியவனுக்கு அவனுடைய மொழியில் பழுதை விளக்கி, காசைப் பிறகு தா என்று அனுப்பிய இடங்கள் அவை. “மின்சாரக் காரிலை வேலை இல்லை” என்று நீங்களே சொன்னால் அந்த வேலை மறைந்துவிடாது, முழுதும் பெரிய விற்பனையகங்களின் கைக்குப் போகும். அங்கே போக முடியாதவர்கள் ஒன்றும் செய்யாமல் ஓட்டுவார்கள். உயர் அழுத்த மின்சாரத்தைத் தொடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், சந்தேகமில்லை. பிரேக் கலிப்பருக்குக் கிரீஸ் போடுவதற்கும் பிரேக் ஒயிலைச் சோதிப்பதற்கும் நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் தகுதி போதும். மற்றதைப் படிக்க ஸ்காபரோவில் சென்ரெனியல் கல்லூரியின் அஷ்ரன்பீ வளாகமும், நம் பக்கத்தில் டுரம் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டும் வாகனத் தொழிலைக் கற்பிக்கும் இடங்கள்.

மின்சாரக் கார் வாங்குவோருக்குக் கனடாவின் மத்திய அரசு 2019 மே மாதம் தொடங்கிய 5,000 டொலர் ஊக்கத்தொகைத் திட்டம் 2025 ஜனவரியில் பணம் தீர்ந்து நின்றது. அந்தத் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வாங்கிய கார்கள் ஐந்து வயதைத் தாண்டி இப்போது பழைய கார்ச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. போல்ட்டின் கூலன்ட் கெடு முடிந்த வயது அது. பிரேக் ஒயிலை முதல் முறை மாற்றியிருக்க வேண்டிய வயதும் அதுதான். ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சான்றிதழ் பிரேக்கையும் ரயரையும் விளக்கையும் பார்க்கும். கூலன்ட் எப்போது மாற்றியது, கியர் ஒயில் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது.

ஆகவே பழைய மின்சாரக் கார் வாங்கப்போகும் அன்பர்களே, பற்றரி எத்தனை வீதம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். கூலன்ட்டும் பிரேக் ஒயிலும் எப்போது மாற்றினார்கள், கலிப்பரைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லையென்றால் அந்த வேலைகளுக்கு ஆகும் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஏற்கனவே கார் வைத்திருப்பவர்கள் இந்த ஐப்பசிக்குள், முதல் உப்பு வீதியில் விழ முன்னம், நாலு சக்கரத்தின் கலிப்பருக்கும் கிரீஸ் போட ஒரு நாளை ஒதுக்குங்கள்.